காதோரம் விழுந்த குழி: உமிழ்நீர்ச் சுரப்பி ஆபரேஷனுக்குப் பிறகு முகத்தைச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். "என் அக்காவுக்கு 41 வயது, பள்ளி ஆசிரியை. காதுக்குக் கீழே இருந்த கட்டியை 14 மாதத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை, ப்ளியோமார்ஃபிக் அடினோமா என்று ரிப்போர்ட் வந்தது. ரேடியேஷன் எதுவும் கொடுக்கவில்லை. இப்போது தாடைக்குப் பின்னால் குழி விழுந்திருக்கிறது. சாப்பிடும்போது அந்தப் பக்கக் கன்னம் மட்டும் வியர்க்கிறது. சிரித்தால் கீழுதடு கோணுகிறது. காது மடல் மரத்துப்போய் இருக்கிறது. உயிர் பிழைத்ததே பெரிசு, அழகு எதுக்கு என்கிறார்கள் வீட்டில். இதற்கு வழி இருக்கிறதா? இருந்தால் எப்போது செய்வது?"

வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன நான்கும் ஒரே பிரச்சினை இல்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, சிகிச்சை வேறு, காலக்கெடுவும் வேறு. குழியைப் பத்து வருஷம் கழித்துக்கூட நிரப்பலாம். வியர்வையை எப்போது வேண்டுமானாலும் அடக்கலாம். முகத் தசைகளை அசைக்கும் முக நரம்பு மட்டும் அப்படிக் காத்திருக்காது. முகச் சீரமைப்பு அறுவை செய்கிறவன் என்ற முறையில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: வாய் கோணிப்போனவர்கள் "தானா சரியாயிடும்" என்று இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு வருகிறார்கள், குழி விழுந்தவர்களோ தையல் பிரித்த மறுமாதமே நிரப்பச் சொல்லி வந்து நிற்கிறார்கள்.

வீட்டில் சொல்வதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டியை எடுத்தது முக்கியம்தான், அதில் சந்தேகமே இல்லை. அதற்காக மிச்சமுள்ள குறையோடு காலம் தள்ள வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. உங்கள் அக்கா தினமும் பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிறவர். பந்தியில் உட்கார்ந்ததும் ஒரு கன்னம் மட்டும் வழிய ஆரம்பித்தால் எத்தனை பேர் எட்டிப் பார்ப்பார்கள் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இதனாலேயே கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்தியவர்கள் உண்டு. தலைமுடியை முன்னால் இழுத்துவிட்டுக் குழியை மறைப்பவர்கள், போட்டோவில் எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்பவர்கள் உண்டு. அக்கா கேட்பது நியாயமான சிகிச்சை. தயங்காமல் கேட்கலாம்.

குழி ஏன் விழுந்தது என்று புரிந்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் பெரியது பரோட்டிட். காதுக்கு முன்னாலும் கீழேயும், தாடை எலும்பின் பின் ஓரத்தைத் தழுவிக்கொண்டு கிடக்கும். எடை சுமார் 25 கிராம்தான். ஆனால் அந்த இடத்தில் முகத்தின் வளைவைத் தாங்குவதே அதுதான். காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் உள்ள சின்னத் துளை வழியாக வெளியே வரும் முக நரம்பு நேராக இந்தச் சுரப்பிக்குள் நுழைந்து, உள்ளேயே ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிகிறது. நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து என்று ஒவ்வொரு கிளையும் ஒரு பகுதிக்குப் போகிறது. சுரப்பியில் கத்தி வைக்கிறவர் முதலில் இந்த நரம்பைத் தேடிக் கண்டுபிடித்து, கிளை கிளையாகப் பின்தொடர்ந்து, அதன் மேலிருக்கும் சுரப்பியைப் பிரித்தெடுக்க வேண்டும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் சுமார் 80 சதவீதம் பரோட்டிட்டில்தான் வருகின்றன, அவற்றிலும் சுமார் 80 சதவீதம் புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டிகள். அதில் அதிகம் காணப்படுவது அக்காவுக்கு வந்த ப்ளியோமார்ஃபிக் அடினோமா. புற்றுநோய் இல்லையே, கட்டியை மட்டும் தோண்டி எடுத்திருக்கலாமே என்று தோன்றும். இந்தக் கட்டியின் உறை சில இடங்களில் மிக மெல்லியது, சில இடங்களில் உறையே இருக்காது. வெளிப்புறமாகச் சின்னச் சின்னப் புடைப்புகளும் இருக்கும். தோண்டி எடுத்தால் அவை உள்ளேயே தங்கி, பல வருஷம் கழித்து ஒன்றுக்குப் பதிலாகப் பல முடிச்சுகளாகத் திரும்பி வரும். அப்போது நரம்பைக் காப்பாற்றுவது இன்னும் சிரமம். அதனால்தான் சுற்றியுள்ள நல்ல சுரப்பியையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஆகவே குழி விழுந்ததை வைத்து ஆபரேஷன் சரியில்லை என்று நினைக்க வேண்டாம். முறையாகச் செய்த ஆபரேஷனிலும் குழி விழும்.

அந்தக் குழியை அன்றைக்கே, அதே மயக்கத்திலேயே நிரப்ப வழிகள் இருக்கின்றன. இதை நோயாளிகளிடம் முன்கூட்டியே பேசாமல் விடுவது எனக்கு வருத்தமான விஷயம். தோலுக்கு அடியில் ஸ்மாஸ் என்றொரு மெல்லிய படலம் இருக்கிறது. பாரிஸைச் சேர்ந்த மிட்ஸ், பெய்ரோனி என்ற இருவர் 1976-ல் விவரித்தது. அதைத் தூக்கி, மடித்து, குழியின் மேல் இழுத்துத் தைக்கலாம். சின்னக் குழிக்கு இது போதும். கொஞ்சம் பெரிய குழி என்றால், கழுத்தைத் திருப்பும்போது பக்கவாட்டில் புடைத்துத் தெரிகிற தசையின் மேல் பகுதியிலிருந்து ஒரு துண்டைப் பாதி அறுத்து, அடி ஒட்டியிருக்க, குழிக்குள் திருப்பி வைப்பார்கள். பக்கத்திலேயே கிடைக்கிறது, வேறு தழும்பு தேவையில்லை. ஆனால் தசை நாளடைவில் சுருங்கும், எடுத்த இடத்தில் கழுத்து லேசாக ஒடுங்கித் தெரியும், தோளைத் தூக்கும் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் கவனமும் வேண்டும்.

இந்த மாதிரி ஆபரேஷன்களில் எனக்கு அதிகம் பிடித்தது வயிற்றுக் கொழுப்பு. தொப்புளின் கீழ் ஓரத்தில் சின்னதாக வெட்டி, கொழுப்பை ஒரே கட்டியாக, நசுக்காமல் எடுத்து, குழியில் அப்படியே வைத்து ஓரிரு தையலில் நிறுத்துவது. வைக்கும்போது குழியின் அளவை விடப் பெரிதாகவே வைக்க வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு பங்கு கரைந்துபோகும். அதனால் முதல் சில வாரம் அந்தப் பக்கம் வீங்கினாற்போலத்தான் இருக்கும். முன்னமே சொல்லி வைக்காவிட்டால் நோயாளி பயந்துவிடுவார். தொப்புள் மடிப்பில் தழும்பு பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும்.

இன்னும் ஆபரேஷன் ஆகாதவர்கள் யாராவது இதைப் படித்தால், சர்ஜனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். குழியை அப்போதே நிரப்ப முடியுமா? வெட்டை, முகச்சுருக்கத்தை நீக்கும் அறுவையில் போடுவது போலக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தலைமுடிக்குள் மறைக்க முடியுமா? வழக்கமான வெட்டு காதுக்கு முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றி, கழுத்தில் இறங்கும். கழுத்துத் துண்டுதான் பிற்பாடு கண்ணில் படும். எல்லாக் கட்டிக்கும் மறைவான வெட்டு பொருந்தாது. முன்பக்கமாக நீண்ட கட்டி, பெரிய கட்டி, கெட்ட கட்டி (புற்றுநோய்) என்றால் சர்ஜன் கழுத்து வெட்டுதான் வேண்டும் என்பார். அப்போது அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதுதான் சரி.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம். 14 மாதம் ஆகிவிட்டது, வீக்கமெல்லாம் வடிந்து குழி தன் உண்மையான அளவுக்கு வந்திருக்கும். இப்போது செய்ய ஏற்றது, பெரும்பாலும், ஊசி வழியாகக் கொழுப்பு நிரப்புவது. வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி, ரத்தத்தையும் எண்ணெயையும் பிரித்துவிட்டு, குழியின் பல அடுக்குகளில் நூல் நூலாக விட்டு வருவார்கள். மொத்தமாக ஓரிடத்தில் கொட்டினால் நடுவில் இருக்கும் கொழுப்புக்கு ரத்த ஓட்டம் கிடைக்காமல் செத்துக் கட்டியாகிவிடும். வைத்ததில் எவ்வளவு நிலைக்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பாதி நின்றால் நல்லது என்று எண்ணிக்கொண்டு இரண்டு மூன்று தடவை செய்வதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவே சில மாத இடைவெளியோடு. நிலைத்த கொழுப்பு உயிருள்ள கொழுப்பு. உடம்பு பெருத்தால் அதுவும் பெருக்கும், இளைத்தால் இளைக்கும். அக்கா எடை குறைக்க எண்ணியிருந்தால் முதலில் அதை முடித்துவிட்டு வரட்டும்.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண முகத்தில் முக நரம்புக்கு மேல் சுரப்பி ஒரு கவசம் போலக் கிடக்கும். மேல்பாகத்தை எடுத்துவிட்ட முகத்தில் அந்தக் கவசம் இல்லை. தோலுக்குச் சற்றுக் கீழேயே, தழும்போடு ஒட்டியபடி நரம்புக் கிளைகள் ஓடும். ஆபரேஷனில் பத்திரமாகக் காப்பாற்றிய நரம்பைப் பிற்பாடு ஒரு கூர் ஊசி கெடுத்துவிட முடியும். அதனால் மொண்ணை முனைக் குழாயால், இந்த அமைப்பு தெரிந்த பிளாஸ்டிக் சர்ஜன் கையால் செய்வதுதான் பாதுகாப்பு. எம்.சி.ஹெச் பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான படிப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அழகு நிலையங்களில் "ஃபில்லர் போட்டா அரை மணி நேரத்தில் சரியாயிடும்" என்று சொல்வதை நம்பிப் போக வேண்டாம். ஃபில்லர் என்பது தோலுக்கடியில் ஊசியால் ஏற்றும் ஜெல், தற்காலிகமானது. தெரியாத கையில் அது ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகும், அரிதாகப் பார்வையே போகும். திரவ சிலிக்கான் ஏற்றுவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிரப்புவதற்கு முன்னால் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். ப்ளியோமார்ஃபிக் அடினோமா திரும்பி வருவதானால் பல வருஷம் கழித்தும் வரலாம். கொழுப்பு வைத்தபின் உள்ளே சின்ன முடிச்சு தட்டுப்பட்டால் அது கரையாத கொழுப்பா, பழைய கட்டியா என்று குழப்பம் வரும். முந்தைய படம் கையில் இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். கட்டியை எடுத்த சர்ஜனிடமும் "நிரப்பலாமா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ஆபரேஷனில் கட்டி உடைந்திருந்தால் அவர் இன்னும் சில காலம் பார்க்கச் சொல்லக்கூடும்.

அடுத்து வியர்வை. இதற்கு ஃப்ரே சிண்ட்ரோம் என்று பெயர். லூசியா ஃப்ரே என்ற போலந்து நரம்பியல் மருத்துவர், பரோட்டிட் பகுதியில் குண்டடிபட்ட ஒருவரிடம் இதைக் கவனித்து 1923-ல் எழுதினார். இது எந்த நரம்பின் வேலை என்பதைத் தெளிவாகக் காட்டியவர் அவர். யூதரான அவர் பிற்பாடு நாஜி ஆக்கிரமிப்பில் லிவிவ் நகரக் கெட்டோவில், அதாவது யூதர்களை ஒதுக்கி வைத்த பகுதியில், அடைக்கப்பட்டு உயிரிழந்தார். இந்தத் துறையில் இருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் என்று நினைப்பதால் சொல்கிறேன்.

நடப்பது என்னவென்றால், சுரப்பிக்கு "உமிழ்நீர் சுர" என்று கட்டளை கொண்டுவரும் நுண்ணிய நரம்பிழைகள் ஆபரேஷனில் அறுபடுகின்றன. அவை மறுபடி வளரும்போது, தேடிவந்த சுரப்பி அங்கே இல்லை; மேலே தோலில் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே ரசாயனச் சமிக்ஞைதான் என்பதால் அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. புயலில் அறுந்த கம்பியை அவசரத்தில் பக்கத்து வீட்டு மீட்டரில் இணைத்துவிட்ட மாதிரி. அதனால் புளியோதரையைப் பார்த்தாலே வாயில் ஊற வேண்டியது கன்னத்தில் வியர்க்கிறது, சிவக்கிறது. நரம்பிழைகள் வளர நேரம் எடுப்பதால்தான் இது ஆபரேஷன் ஆன சில மாதங்களிலிருந்து ஓரிரு வருஷத்துக்குள் தலைகாட்டுகிறது. முதல் ஆபரேஷனிலேயே தோலுக்கும் குழிக்கும் நடுவே ஸ்மாஸ், தசை, கொழுப்பு என்று ஏதோ ஒரு தடுப்பு வைத்தவர்களுக்கு இது குறைவாக வருகிறது. குழியை அன்றைக்கே நிரப்பச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இப்போதைக்குச் சிகிச்சை போட்டுலினம் ஊசி, மக்கள் வழக்கில் போடாக்ஸ். போடுவதற்கு முன்னால் எங்கே வியர்க்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. கன்னத்தில் அயோடின் கரைசலைத் தடவிக் காயவிட்டு, அதன் மேல் ஸ்டார்ச் மாவை மெல்லத் தூவுவோம். பிறகு எலுமிச்சைத் துண்டோ ஊறுகாயோ கொடுத்து மெல்லச் சொல்வோம். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்காது. அப்புறம் மஞ்சள் பூச்சில் அங்கங்கே கருநீலப் புள்ளிகள் முளைக்கும், ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகும். பலருக்குத் தாங்கள் நினைத்ததைவிடப் பெரிய இடம், காதுக்குப் பின்னாலும் கழுத்திலும்கூட. அந்தத் திட்டின் எல்லையைப் பேனாவால் வரைந்து, உள்ளே ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தோலுக்குள்ளேயே துளி மருந்தை ஏற்றுவோம். ஆழமாகப் போனால் மெல்லும் தசையும் சிரிக்கும் தசையும் தளர்ந்துவிடும் என்பதால் மேலோட்டமாகத்தான். சில நாளில் வியர்வை அடங்கும். முகச்சுருக்கத்துக்குப் போடும் ஊசி மூன்று நான்கு மாதம்தான் நிற்கும். இது பெரும்பாலும் ஆறு மாதத்தையும், சிலருக்கு ஒரு வருஷத்தையும் தாண்டும். திரும்பி வந்தால் மறுபடி போடலாம். ஊசி வேண்டாம் என்றால் அலுமினியம் குளோரைடு கலந்த வியர்வைத் தடுப்பானை இரவில் உலர்ந்த தோலில் தடவிப் பார்க்கலாம். முகத்தோலில் எரிச்சல் வரக்கூடும் என்பதால் தோல் மருத்துவர் சொல்படி செய்யட்டும்.

மூன்றாவது, உதடு. அக்கா கண்ணை இறுக்கமாக மூட முடிகிறதா, நெற்றியைச் சுருக்க முடிகிறதா என்று கண்ணாடி முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது வாய் நேராக இருந்து, பல் தெரியச் சிரிக்கும்போது மட்டும் அந்தப் பக்கக் கீழுதடு கீழே இறங்காமல் நின்றால், பாதிக்கப்பட்டது கீழுதட்டுக்குப் போகும் ஒரே ஒரு கிளை. தாடை ஓரமாக ஓடும் மெல்லிய கிளை அது, மற்ற கிளைகளோடு அதிகம் பின்னிக்கொள்ளாது. அதனால் அடிபட்டால் ஈடுகட்ட வேறு கிளை வராது. ஆபரேஷனுக்குப் பிறகு இதில் தற்காலிகத் தளர்ச்சி நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் சில வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தெளிந்துவிடும். 14 மாதம் ஆகியும் இருந்தால் இனிமேல் தானாகப் பெரிய மாற்றம் வரும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

இதற்குச் செய்வது பலருக்கு விசித்திரமாகத் தோன்றும். நோய்ப் பக்கத்தை விட்டுவிட்டு நல்ல பக்கத்தில் ஊசி போடுவது. நல்ல பக்கத்தில் உதட்டைக் கீழே இழுக்கும் தசையைக் கொஞ்சம் தளர்த்தினால் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்று சிரிப்பு நேராகிவிடும். எப்படி இருக்கும் என்று முதலில் மரப்பு மருந்தைப் போட்டு அரை மணி நேரம் கண்ணாடியில் பார்க்கலாம். பிடித்திருந்தால் போட்டுலினம், மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை. நிரந்தரமாக வேண்டும் என்றால் வாய்க்குள்ளிருந்தே அந்தத் தசையைக் கொஞ்சம் வெட்டி எடுக்கும் சின்ன அறுவை உண்டு. அக்கா வகுப்பெடுப்பவர் என்பதால் முதல் ஊசியைக் கோடை விடுமுறையில் போட்டுக்கொள்வது நல்லது. ஓரிரு வாரம் தண்ணீர் குடிக்கும்போது ஓரத்தில் ஒழுகலாம், "ப" உச்சரிப்பு கொஞ்சம் தளரலாம்.

முகம் முழுக்க ஒரு பக்கம் அசையாதவர்களுக்குத்தான் நான் முதலில் சொன்ன அவசரம். நரம்பு அறுபடவில்லை, இழுபட்டுத்தான் தளர்ந்தது என்றால் காத்திருக்கலாம். ஆறு மாதத்தில் ஒரு அசைவும் இல்லையென்றால் அதற்கு மேல் காத்திருக்காமல் முக நரம்பு அறுவை செய்பவரைப் பார்க்க வேண்டும். நரம்பு அறுபட்டது அல்லது கட்டியோடு எடுக்கப்பட்டது என்றால் அன்றைக்கே ஒட்டுவது உத்தமம். அன்றைக்கு முடியாவிட்டால் கூடிய சீக்கிரம். கெண்டைக்காலின் பின்னால் ஓடும் உணர்ச்சி நரம்பை எடுத்து நடுவே வைத்துத் தைப்பார்கள். விலையாகக் காலின் வெளி ஓரம் மரத்துப்போகும். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முகத் தசைகளோ நரம்பில்லாமல் ஒன்று, ஒன்றரை வருஷம்தான் தாக்குப் பிடிக்கும். அதற்குள் நரம்பு போய்ச் சேர்ந்தாக வேண்டும். நரம்பின் அடிமுனை கிடைக்காவிட்டால், பல்லைக் கடிக்கும் தசையின் நரம்பிலிருந்து ஒரு கிளையைத் திருப்பி இணைக்கலாம். முதலில் பல்லைக் கடித்துச் சிரிக்கப் பழக வேண்டும், பயிற்சியில் பலருக்கு அது இயல்பாகிவிடும். காலம் கடந்து தசையே வாடிவிட்டால் புதிய தசை வேண்டும். உள் தொடையிலிருந்து கிராசிலிஸ் தசையின் ஒரு பகுதியை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துக் கன்னத்தில் வைக்கும் முறையை ஜப்பானின் ஹாரியும் அவர் குழுவும் 1976-ல் வெளியிட்டார்கள். இன்றும் அதுதான் முக்கிய வழி. வயதானவர்களுக்கு, நீண்ட அறுவை தாங்காதவர்களுக்கு, தொடைத் தசையைப் போர்த்தியிருக்கும் உறைப்பட்டையை எடுத்து வாயோரத்தைத் தூக்கிக் கட்டலாம். அசைவு வராது, ஆனால் சோறு ஒழுகுவது நிற்கும், முகம் நிமிரும்.

இவர்கள் எல்லாரும் முதல் நாளிலிருந்து கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இமை மூடாத கண் காய்ந்து, கருவிழியில் புண் வந்து, பார்வை போகும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு, இமையை மூடி டேப். நீண்ட நாள் ஆகும் என்று தெரிந்தால் மேலிமைக்குள் ஒரு கிராம் அளவு தங்கத் தகடோ பிளாட்டினமோ வைத்தால் இமை தன் பாரத்தில் மூடிக்கொள்ளும். புறா ரத்தம் தடவுவது, பலூன் ஊதுவது, முழு வேகத்தில் முகத்தை இழுத்து இழுத்துப் பயிற்சி செய்வது எல்லாம் வேண்டாம். பலவந்தமான அசைவில், வாயை அசைத்தால் கண் மூடுவது போன்ற தவறான பழக்கம் முகத்தில் ஊன்றிவிடலாம். கண்ணாடி முன்னால் மெதுவாக, சின்ன அசைவாகச் செய்வதே நல்ல பயிற்சி. கரண்ட் வைத்துத் தூண்டுவதையும் இதே காரணத்துக்காக நான் பரிந்துரைப்பதில்லை.

கெட்ட கட்டி என்று வந்தவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. தோலும் போயிருந்தால் கழுத்துத் தோலை மேலே சுழற்றிக் கொண்டுவந்து மூடலாம், நிறம் பொருந்தும். பெரிய குழி என்றால் தொடையின் முன்பக்கத்திலிருந்து தோல், கொழுப்பு, ரத்தக்குழாயோடு எடுத்து வைப்பார்கள். அதே வெட்டில் நரம்புத் துண்டும் வாயைத் தூக்கிக் கட்டும் பட்டையும் கிடைத்துவிடும் என்பது பெரிய வசதி. தொடைத் தோல் முகத்தில் நிறம் வேறாகத் தெரியும், அதைப் பிற்பாடு குறைத்துச் சீராக்கலாம். ஆறு வாரத்துக்குள் ரேடியேஷன் தொடங்க வேண்டியிருக்கும் என்பதால் காயம் நேரத்துக்கு ஆறுவதுதான் அங்கே முதல் குறி. ரேடியேஷன் பட்ட இடத்தில் வெறும் கொழுப்பு குறைவாக நிலைக்கும். ரத்த ஓட்டத்தோடு வரும் சதை நன்றாகத் தாங்கும். ரேடியேஷன் இருப்பதால் நரம்பு ஒட்டு வேண்டாம் என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடம் கருத்துக் கேளுங்கள், ரேடியேஷனையும் தாண்டி நரம்பு ஒட்டுகள் வேலை செய்கின்றன.

காது மடல் மரப்பு, அந்த மடலுக்குப் போகும் உணர்ச்சி நரம்பு வெட்டுப் பாதையிலேயே கிடப்பதால் வருவது. மரத்த இடம் ஒரு வருஷம் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும், மிச்சம் நின்றுவிடலாம். அறுவையில் திருப்பித் தருவது நடைமுறையில் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தோட்டின் திருகாணியை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அந்தக் காதில் வலி சொல்லாது. இறுக்கிப் புண்ணாகி, சீழ் வந்த பிறகே தெரியும். கனமான ஜிமிக்கியைக் குறைத்துக்கொண்டு, இரவில் கழற்றிவிட்டு, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொள்வது நல்லது. தழும்பு கழுத்தில் தடித்திருந்தால் சிலிக்கான் ஜெல், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. நம் தோலுக்கு இது அடிக்கடி தேவைப்படுகிறது.

முகத்தைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், அக்காவுக்கு நான் வைக்கிற வரிசை இது. முதலில் ஆபரேஷன் செய்த இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டுமில்லாமல் ஆபரேஷன் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். நரம்பின் எந்தக் கிளை என்ன ஆனது, கட்டி முழுசாக வந்ததா என்பது அதில்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பழைய சர்ஜனிடம் காட்டிவிட்டு, குழிக்குக் கொழுப்பு. வியர்வைக்கு ஊசியைக் கொழுப்பின் முதல் சுற்று முடிந்த பிறகு போடலாம். கொழுப்பு வைத்ததிலேயே சிலருக்கு வியர்வை கொஞ்சம் தணிகிறது. உதட்டு ஊசி கோடை விடுமுறையில்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்கு விதிப்படி தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கு விலக்கு இல்லை. அக்காவுடையது புற்றுநோய் இல்லை என்பதால் தனியார் பாலிசி மறுக்க வாய்ப்பு அதிகம். எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே தேதி குறியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறை இருக்கிறது, வெளிநோயாளியாகப் போய்க் காட்டலாம். போகும்போது நேராக, இரண்டு பக்கமும், சிரித்தபடி, கண்ணை இறுக்கி மூடியபடி எடுத்த போட்டோக்களை வைத்துக்கொள்ளட்டும். கட்டி வருவதற்கு முந்தைய ஒரு படமும் வேண்டும். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எவ்வளவு நிரப்புவது என்பதை அந்தப் பழைய படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.